முந்தின சுற்றில் வந்த வாடை

திருச்சிராப்பள்ளி மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் 1961-ம் வருஷம் ஜூலை மாதம் 12-ந் தேதி புதன்கிழமை பதிவு செய்யப்பட்டது.

பெயர்: பொன்னுத்தாய். கணவர் பெயர்: காலஞ்சென்ற ரத்தினவேல். வயது: 29. தொழில்: குடும்ப ஸ்திரீ. விலாசம்: திருச்சி, தென்னூர், நடுத்தெரு. எழுதப் படிக்கத் தெரியும்.

பிரமாணம் எடுத்துக்கொண்ட பிறகு சொல்வதாவது:

நான் மேற்படி விலாசத்தில் என் மாமியாருடனும் ஐந்து வயதுள்ள என் மகளுடனும் வசித்து வருகிறேன். என் கணவர் தென்னூரில் மோட்டார் பம்பு செட் விற்கும் கடை வைத்திருந்தார். என் பிறந்த ஊர் லால்குடி. இந்த வழக்கில் எதிரியாக உள்ள அழகிரி என் உடன்பிறந்த அண்ணன். கோர்ட்டில் எதிரி என்றுதான் எழுதுவது வழக்கம் என்று சொன்னார்கள். நான் அண்ணன் என்றே சொல்கிறேன், எழுதுகிறவர்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். அவர் இப்போது ஸ்ரீரங்கம் அம்மாமண்டபம் சாலையில் குடியிருக்கிறார். அவருக்குக் கொள்ளிடம் படுகையில் வாழைத் தோப்பு இருக்கிறது.

எதையும் இரண்டு தடவை பார்க்காமல் நம்புகிற சுபாவம் எனக்குக் கிடையாது. காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பேன். இந்த வழக்கில் நான் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் வைத்துப் போலீசாரிடம் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் என் அண்ணன் வேண்டுமென்றே என் கணவர் மேல் காரை ஏற்றினார் என்று சொன்னேன். இன்று அதற்கு மேலும் சொல்ல வேண்டியிருப்பதால், யாரோ எனக்குச் சொல்லிக்கொடுத்து அழைத்து வந்ததாகக் கோர்ட்டாருக்குச் சந்தேகம் வரலாம். சொல்லிக்கொடுக்க நிறையப் பேர் வந்தார்கள். நான் யார் சொன்னதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

என் கணவருக்கும் அண்ணனுக்கும் உண்டான மனஸ்தாபம் 1959-ல் சமயபுரத்தில் என் மகளுக்குக் காது குத்தியபோது ஆரம்பித்தது. எங்கள் வழக்கப்படி குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அன்றைக்கு என் அண்ணன் கார்ப் பந்தயத்துக்காக மெட்ராஸ் போயிருந்தவர், விடிவதற்குள் வந்துவிடுவதாகத் தந்தி கொடுத்துவிட்டு நேரத்துக்கு வரவில்லை. முகூர்த்தம் தப்பிப் போகிறது என்று ஆசாரி அவசரப்படுத்தவே, என் கணவர் எங்கள் பெரியப்பா மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காரியத்தை முடித்துவிட்டார். அதன் பிறகு சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது என் அண்ணன் புழுதியோடு வந்து இறங்கினார். சீர்த்தட்டுகளை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். அப்போது என் கணவர் எல்லோரும் கேட்கும்படியாக, "மடி காலியா இல்லை மச்சான், போய் உங்க கார்லயே உட்கார்ந்துக்கங்க" என்று சொன்னார். என் அண்ணன் தட்டுகளைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. என் கணவர் சொன்னது தப்பு என்று நான் அவரிடமே சொல்லியிருக்கிறேன். அவரும் தப்புதான் என்று ஒப்புக்கொண்டார், ஆனால் போய்ச் சொல்ல மாட்டேன் என்றார்.

சம்பவத்தில் சம்பந்தப்பட்ட கார் சிவப்பு நிறமுள்ளது, கூரை கிடையாது, இரண்டு பேர்தான் உட்காரலாம். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடமிருந்து என் அண்ணன் அதை வாங்கினார். ஒரு வாழைத்தாரைக்கூட ஏற்ற முடியாத வண்டியைத் தோப்புக்காரர் எதற்கு வாங்கினார் என்று எங்கள் சொந்தத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் அதைத் தோப்புக்கும் ஓட்டிக்கொண்டு போவார், பந்தயத்துக்கும் ஓட்டிக்கொண்டு போவார். பாலக்கரைப் பக்கம் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் மீரான் என்பவர்தான் அதற்கு ரிப்பேர் பார்ப்பது.

சென்ற மார்ச் மாதம் 5-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, புதுக்கோட்டை ரோட்டிலிருந்து பிரிந்து போகும் ஒரு பாதையில், யுத்த காலத்தில் போட்டு அப்புறம் கைவிட்ட விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடத்தினார்கள். தார்ப் பீப்பாய்களையும் வைக்கோல் கட்டுகளையும் வைத்துப் பாதை வகுத்திருந்தார்கள். நீளமான ஒரு நேர்ப் பாதை, அதன் முடிவில் கொண்டை ஊசி போல ஒரு வளைவு. வளைவின் வெளிப்புறத்தில் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் மஞ்சள் கொடி பிடிப்பதற்கு ஆட்கள் நிற்க வேண்டும். வளைவைத் தாண்டியதும் பார்க்க வருகிறவர்களுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள்.

கொடி பிடிக்கும் வேலைக்கு என் கணவர் தாமாகவே போய்ப் பெயர் கொடுத்தார். அவரை அந்த வளைவில் நிற்க வைத்ததே என் அண்ணன்தான் என்று என் மாமியார் வீட்டார் புகாரில் எழுதியிருக்கிறார்கள். அது சரியல்ல. முந்தின நாள் வீட்டில் சாப்பிடும்போது, ஏன் வெயிலில் போய் நிற்க வேண்டும் என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னது இது: "உங்கண்ணன் அந்த வளைவுல வந்துதான் வேகத்தைக் குறைச்சாகணும். அப்ப என் மூஞ்சியைப் பார்த்துத்தானே ஆகணும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பந்தயம் முடிந்ததும் அண்ணனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடப் போகிறார் என்று நான் புரிந்துகொண்டேன். ஆனாலும் இருவரையும் நம்பாமல், நானும் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, புளிச்சோறு கட்டிக்கொண்டு கூடவே போனேன்.

பந்தயம் ஆரம்பித்த பிறகு என் அண்ணனுடைய கார் முதலாவதாகவே வந்துகொண்டிருந்தது. மெட்ராஸிலிருந்து வந்த ஒரு வெள்ளைக் கார் வெகு தூரம் பின்னால் வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் என் அண்ணன் வளைவுக்கு முன்னால் பிரேக் போட்டு, கியரை மாற்றி, திரும்பி, பந்தலைக் கடந்து போனார். ஒரு தடவையாவது அவர் என் கணவர் இருக்கும் பக்கம் திரும்புகிறாரா என்று நான் கவனித்தேன். திரும்பவில்லை. பாதிப் பந்தயத்துக்கு மேல் ஆனபோது, என் அண்ணன் வளைவில் வரும் சமயம் என் கணவர் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கூப்பிடுவது போல ஒரு கையைத் தூக்கினார். அந்தச் சுற்றில் அண்ணனின் கார் பந்தலைக் கடந்து போனதும், மாட்டுக் கொம்பைச் சுட்டதுபோல ஒரு கருகல் வாடை வந்தது. பந்தலுக்குப் பின்னால் டீ போடுகிறவன் அடுப்பில் எதையோ விட்டுவிட்டான் என்று நினைத்து நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாளும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அதற்கு அடுத்த சுற்றில் என் அண்ணனுடைய கார் நேர்ப் பாதையில் வந்தது. வேகம் குறையவில்லை. பிரேக் போட்டால் வழக்கமாகக் கேட்கும் சத்தமும் கேட்கவில்லை. கியர் மாற்றிய சத்தம் மட்டும் கடைசியில் ஒரு தடவை பெரிதாகக் கேட்டது. வளைவில் கார் திரும்பாமல் நேராக வைக்கோல் கட்டுகளில் மோதி உள்ளே போய்விட்டது. என் கணவரோடு கொடி பிடித்து நின்ற வீரமலை என்பவர் பக்கத்துப் பள்ளத்தில் குதித்துவிட்டார். என் கணவர் குதிக்கவில்லை. "ஓடுங்கன்னு கத்தினேம்மா, கார் நின்னுருங்கிற மாதிரியே நின்னாரு" என்று வீரமலை பிறகு என்னிடம் சொன்னார். அதன் பிறகு நான் ஓடினேன். என் கணவர் வைக்கோலுக்கு அடியில் கிடந்தார். அவருடைய கையில் கொடிக்கம்பு பாதி இருந்தது. என் அண்ணன் காரிலிருந்து இறங்கி, என் கணவரிடம் வராமல், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து உள்ளே கையை வைத்துத் தொட்டு, உடனே கையை உதறினார். அவர் சக்கரத்தைத்தான் முதலில் பார்த்தார். அதை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே என் கணவர் இறந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் போலீசார் கேட்டபோது நான் மேலே சொன்ன முதல் வாக்குமூலத்தைக் கொடுத்தேன். என் அண்ணனுடைய வலது கை விரல்களில் கொப்புளங்கள் இருந்தன. சூட்டில் பட்டது என்றார். நான் நம்பவில்லை. தப்பித்துக்கொள்ள அவரே சுட்டுக்கொண்டார் என்று நினைத்தேன், அப்படியே போலீசாரிடம் சொல்லவும் செய்தேன்.

மறுநாள் மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் அற்புதசாமி அவர்கள் காரைச் சோதித்தார். காரின் முன்பக்கம் நசுங்கியிருந்ததே தவிர ஓடக்கூடிய நிலையில் இருந்தது. ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள் ஓட்டிப் பார்த்து, பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, எண்ணெய் ஒழுகவில்லை, ஒரு குறையும் இல்லை என்று ரிப்போர்ட் கொடுத்தார். நானும் அங்கே இருந்தேன். கேட்டிலிருந்து வந்த கார், இன்ஸ்பெக்டர் மிதித்ததும், வேப்ப மரத்துக்கு முன்னால் குத்தி நின்றதை என் கண்ணால் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பிடிக்காத பிரேக் திங்கட்கிழமை பிடிக்கிறது என்றால், அது ஞாயிற்றுக்கிழமையும் பிடித்திருக்கும், மிதிக்க வேண்டியவர் மிதிக்கவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. அதன் பேரில் என் அண்ணனைக் கைது செய்தார்கள்.

அதற்குப் பிறகு என் மாமியார் வீட்டார் காரைச் சும்மா விடவில்லை. அவர்கள் கொண்டுவந்த ஒரு மெக்கானிக் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்து, முன் பிரேக்குகளுக்குள் காற்றுப் போவதற்காக உள்ள துவாரங்கள் டின் தகட்டால் அடைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். இது திட்டம் போட்டுச் செய்த சதி என்று என் மாமியார் தெருவில் நின்று சொன்னார். எனக்கும் அப்போது அது சதியாகவே தோன்றியது. தானாக எந்தத் தகடும் போய் ஒட்டிக்கொள்ளாது. ஆனால் ஒரு விஷயம் இடித்தது. பிரேக்கைக் கெடுத்து வைத்தவர் அதே காரில் தானே உட்கார்ந்து ஓட்டுவாரா என்று நான் கேட்டேன். அதற்கு அவர்கள், நான் பிறந்த வீட்டுக்குப் பரிந்து பேசுவதாகச் சொன்னார்கள்.

ஆகையால் நான் மீரானுடைய ஒர்க்ஷாப்புக்கு நேரில் போனேன். என்னைக் கண்டதும் மீரான் கையைத் துடைத்துக்கொண்டு பின் வாசல் பக்கம் நகர்ந்தார். தகடு வைத்தது யார் என்று கேட்டதற்கு முதலில் தெரியாது என்றார். அப்புறம் எண்ணெய்க் கோளாறாக இருக்கலாம் என்றார். அவர் பொய் சொல்கிறார் என்பது கண் தெரியாதவருக்கும் தெரியும். அங்கே ரிப்பேருக்காக நின்ற மற்றக் கார்களையும் ஒரு வேனையும் நான் குனிந்து பார்த்தேன். படுகைக்குப் போய்வரும் ஒரு மிராசுதாருடைய கார் ஒன்றிலும் அதேபோல மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தகடு வைத்திருந்தது. அதைக் காட்டிக் கேட்ட பிறகுதான் மீரான் உண்மையைச் சொன்னார். "கொள்ளிடத்து மணல்ல போற வண்டிங்கம்மா. ஓட்டை வழியா மணல் ஏறி பிரேக் டிரம்மை அராவிரும். எல்லாருக்குமே இப்படித்தான் அடைச்சுக் கொடுக்கிறேன். பந்தயத்துக்குப் போறப்ப எடுக்கணும்னு எனக்குத் தோணலைங்க, அவங்களும் சொல்லலை." போலீஸ் தன்னைப் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று பயந்து மறைத்ததாகச் சொல்லி அழுதார். நான் அவரை முழுக்க நம்பவில்லை. ஆனால் மற்றக் காரில் இருந்த தகட்டில் பழைய துரு ஏறியிருந்தது. துரு பொய் சொல்லாது.

இதற்கிடையில் கருமாதி வந்தது. அதற்கு முந்தின நாள்தான் என் அண்ணன் ஜாமீனில் வந்திருந்தார். பிறந்த வீட்டிலிருந்து எனக்குக் கோடிச் சேலை கொண்டுவர வேண்டியவர் அவர். அவர் தெரு முனை வரை வந்து நின்றார். என் மாமியார் வீட்டார் உள்ளே விடவில்லை. பெரியண்ணன் என்ற எங்கள் சித்தப்பா அந்தச் சேலையை வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். நான் அதைப் பிரிக்காமல் டிரங்குப் பெட்டியில் வைத்தேன்.

என் அண்ணன் தரப்பு வக்கீல், காற்றுப் போகாமல் பிரேக் சூடேறினால் பிடிக்காமல் போகும், ஆறினால் திரும்பப் பிடிக்கும், ஆகையால் ஆறிய காரைச் சோதித்தது பயன்படாது என்று மனுப் போட்டார். இந்த வாதத்தைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. ஆள் மேல் ஏறும்போது சாகவும் மறுநாளே பிழைக்கவும் தெரிந்த பிரேக் யாருக்குத்தான் பிடிக்காது. அதே ஓடுதளத்தில் மறுபடி ஓட்டிப் பார்க்கக் கோர்ட்டு உத்தரவு ஆனது. அப்போது நான், தகடுகளை எடுக்காமல் சம்பவத்தன்று இருந்தபடியே ஓட்ட வேண்டும், ஓட்டுகிறவர் என் அண்ணனாகவே இருக்க வேண்டும், பக்கத்தில் நான் உட்கார்ந்து அவருடைய காலைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும் என்று கேட்டேன். அவர் மிதிக்காமலே மிதித்ததாகச் சொல்லிவிடுவார் என்ற சந்தேகம்தான் காரணம். பெண்பிள்ளையை ஏற்றக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் அற்புதசாமி அவர்கள் தடுத்தார். நான் உட்காராமல் நடக்கும் எந்தச் சோதனையையும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு சம்மதித்தார்.

சென்ற மாதம் அந்தச் சோதனை நடந்தது. வளைவில் வைக்கோலும் ஆட்களும் இல்லாமல் காலியாக வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அவர்கள் தள்ளி ஒரு ஜீப்பில் நின்றார். என் அண்ணன் முன்பக்கம் தட்டி நிமிர்த்திய அதே காரில் வந்தார். நான் புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, குனிந்து அவருடைய வலது காலைப் பார்த்தபடியே இருந்தேன். முதல் சில சுற்றுகளில் அவர் மிதிக்கும்போதெல்லாம் கார் சரியாக நின்றது. நான் முன்னால் போய் முட்டிக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது, இருந்தாலும் இறங்குகிறேன் என்று சொல்லவில்லை. வேகம் ஏற ஏற, ஒவ்வொரு சுற்றிலும் வளைவுக்கு இன்னும் கொஞ்சம் முன்னாலேயே அவர் பிரேக்கை மிதிக்க வேண்டி வந்தது. ஒரு வளைவைத் தாண்டி வெளியே வந்ததும் அதே கொம்பு கருகும் வாடை அடித்தது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

அப்போது என் அண்ணன், இன்ஸ்பெக்டருக்கு விளக்குகிற மாதிரி, என்னிடம் சொன்னார்: "வாடை வருதா? பிரேக் லைனிங் கருகுது. இனிமே அடுத்த வளைவுல மிதிச்சா கட்டையை மிதிக்கிற மாதிரி இருக்கும், நிக்காது பாரு." அவர் சொன்னபடியே ஆனது. அடுத்த சுற்றில் அவர் முழுப் பலத்தோடு மிதித்தார். அவருடைய முழங்கால் நடுங்கியதை நான் பார்த்தேன். கார் நிற்கவில்லை. கியரை ஒவ்வொன்றாக இறக்கினார், எஞ்சின் அலறியது, கார் வளைவைத் தாண்டி நேராகக் கருவேலங்காட்டுக்குள் போய்த்தான் நின்றது. ஆகையால் சம்பவத்தன்று என் அண்ணன் பிரேக்கை மிதிக்கவில்லை என்று நான் முதலில் சொன்னது தப்பு. அவர் மிதித்திருக்கிறார். பிரேக் பிடிக்கவில்லை. விரல்களில் பட்ட கொப்புளமும் உண்மையான கொப்புளம்தான்.

கோர்ட்டார் கேட்டதற்குச் சொல்வது: சோதனை அத்துடன் முடிந்ததாகத்தான் இன்ஸ்பெக்டர் அவர்கள் ரிப்போர்ட்டில் இருக்கும். ஜீப் எங்களிடம் வந்து சேருவதற்குள் நாங்கள் இருவரும் காரில் உட்கார்ந்திருந்தபோது நடந்ததை அவர் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் நான் இன்று வந்தேன்.

கார் நின்றதும் எனக்கு அழுகை வந்தது. என் அண்ணன் கொலைகாரர் இல்லை என்ற சந்தோஷத்தில் அழுதேன். அண்ணனும் நான் நம்பிவிட்டேன் என்று கண்டுகொண்டார். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "பயந்துட்டியா பொன்னு? இது ஒண்ணும் பெரிய விஷயமில்லை. வாடை வந்த உடனே ஒரு சுத்து மெதுவா விட்டாப் போதும், காத்துப் பட்டு சரியாயிரும். மெட்ராஸ்ல எல்லாம் அப்படித்தான் ஓட்டுவேன்" என்று சொன்னார்.

சொல்லி முடித்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகை நின்றுவிட்டது. பந்தலில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு டீக்காரனைத் திரும்பிப் பார்த்தது எந்தச் சுற்று என்று எனக்கு நன்றாக நினைவிருந்தது. என் கணவர் கையைத் தூக்கிய சுற்று அது. அதன் பிறகு நான் கேட்டதும் அவர் சொன்னதும் வருமாறு. அவர் சொன்ன வார்த்தைகளை மாற்றாமல் சொல்கிறேன்.

"அன்னைக்கு இந்த வாடை வந்துச்சாண்ணே?"

அவர் ஓட்டும்போது போடும் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "வந்துச்சு" என்றார்.

"எப்ப?"

"முந்தின சுத்துலயே."

வெள்ளைக் கார் வெகு தூரம் பின்னால்தானே வந்தது, ஒரு சுற்று மெதுவாகப் போயிருந்தாலும் நீங்கள்தானே முதலில் வந்திருப்பீர்கள் என்று நான் கேட்டேன். ஆமாம் என்றார். பிறகு ஏன் மெதுவாகப் போகவில்லை என்று கேட்டேன். ஜீப் கிட்டே வந்துவிட்டது. அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார்: "மாப்பிள்ளை கையைத் தூக்கினாரு. ரெண்டு வருஷம் கழிச்சுத் தூக்கினாரு. அடுத்த சுத்துல அவரு கண்ணு முன்னால ஊர்ந்து போக எனக்கு மனசு வரலை."

அதற்குள் இன்ஸ்பெக்டர் அவர்கள் வந்து எங்களுக்கு அடிபட்டதா என்று விசாரித்தார். இல்லை என்று சொன்னோம். அங்கிருந்து ஜீப்பிலேயே நான் தென்னூர் வந்து சேர்ந்தேன்.

இதைச் சொல்ல வேண்டாம் என்று என் அண்ணன் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சித்தப்பா பெரியண்ணன் மட்டும் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து, பிரேக் பிடிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள், அதுவே உண்மைதானே, அண்ணன் வெளியே வந்துவிடுவான், உனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று வேண்டாமா என்றார். அவரிடம் நான் வாடையைப் பற்றிச் சொல்லவில்லை. எப்படித் தெரிந்ததோ தெரியாது, அண்ணனே சொல்லியிருக்க வேண்டும். என் மாமியார், முதலில் சொன்னதை மாற்றினால் இந்த வீட்டில் இருக்க வேண்டாம் என்றார். இரண்டு பேரும் என் நன்மைக்காகச் சொல்வதாகவே சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதியோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னதால் எனக்கு இரண்டு பேர் மேலும் சந்தேகம் வந்தது.

கோர்ட்டார் கேட்டதற்குச் சொல்வது: என் அண்ணன் என் கணவரைக் கொல்ல வேண்டும் என்று நினைத்தார் என்று நான் இப்போது சொல்லவில்லை. பிரேக் போகப் போகிறது என்று தெரிந்தும், எப்படிச் சரிசெய்வது என்று தெரிந்தும், செய்யவில்லை என்று சொல்கிறேன். அதற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. இரண்டையும் எழுத வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

கோர்ட்டார் மேலும் கேட்டதற்குச் சொல்வது: என் கணவர் ஏன் குதிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். முந்தின சுற்றில் அவர் கையைத் தூக்கியிருந்தார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டார் என்று அவர் எடுத்துக்கொண்டார். இந்தத் தடவை மச்சான் தனக்கு முன்னால் நிறுத்துவார் என்று நம்பி நின்றார். எங்கள் வீட்டில் எதையும் சந்தேகப்படாத ஆள் அவர் ஒருவர்தான்.

கோர்ட்டார் மேலும் கேட்டதற்குச் சொல்வது: எனக்கும் என் அண்ணனுக்கும் முன்விரோதம் இல்லை. அவர் கொண்டுவந்த கோடிச் சேலை என் பெட்டியில் பிரிக்காமல் இருக்கிறது. சோதனை நடந்த அன்று திரும்பி வந்ததும் அதைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் காலையில் நினைத்துக்கொண்டு போனேன். கட்டிக்கொள்ளவில்லை. திருப்பிக் கொடுக்கவும் இல்லை. நான் இங்கே என்ன சொன்னேன் என்பதை அவர் தெரிந்துகொண்ட பிறகும் அது எனக்காகக் கொண்டுவந்த சேலைதான் என்று அவர் வாயால் சொன்னால், அப்போது பிரிப்பேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதில் எதுவும் விடுபடவில்லை, சொல்லாதது எதுவும் சேரவில்லை. நானே ஒருமுறை வாங்கி முழுவதும் படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ர. பொன்னுத்தாய்